தாலி கட்டிய ஊரும் ஏடு கிடக்கும் ஊரும்

பெங்களூர் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ஆனேக்கல். வானிலிருந்து விழும் ஆலங்கட்டிக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயரே ஊர்ப் பெயராயிற்று என்பர் நூலோர். யானையோடு இணைத்துக் கதை சொல்வாரும் உளர். வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பது அத்திப்பள்ளி. அதனைக் கடந்து சிறிது தூரம் சென்றால் ஒசூர். அங்கே மாநிலம் மாறும். சாலைப் பலகையின் எழுத்து மாறும். சட்டமும் சிற்சில இடங்களில் மாறும். மாறாதது உறவு ஒன்றே. ஒசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் பெண் எடுத்து ஆனேக்கலிலும் சர்ஜாபுரத்திலும் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, ஒசூரில் எழுத்தறிந்து பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றார் என்பதை நாம் அறிவோம். இவ்வெல்லை என்றும் மக்களைத் தடுத்து நிறுத்திய எல்லை அன்று. ஆனால் காகிதத்தை நிறுத்திய எல்லை அது.

நம் குடியிருப்புக்களில் அடிக்கடி எழும் ஒரு துயரக் காட்சியை எண்ணிப் பார்ப்போம். பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ ஆலையில் உழைத்த கணவர் மறைந்துவிடுகின்றார். தொழிலாளர் வைப்பு நிதியைச் சார்ந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி அவர்தம் மனைவிக்கு மாதந்தோறும் ஒரு தொகை வரவேண்டும். அம்மையார் விண்ணப்பத்தோடு செல்கின்றார். ஏட்டில் பெயர் எழுத்து வேறுபடுகின்றது, அல்லது வாரிசுத் தாளில் பெயரே இல்லை. ‘திருமணச் சான்று கொண்டு வாருங்கள்’ என்கின்றார் எழுத்தர். நாற்பது ஆண்டு இல்லறத்திற்குச் சான்றாக இருந்த தாலியும் கழன்றுவிட்ட கழுத்தோடு நிற்கும் அந்த அம்மையார் எதைக் காட்டுவார்? சான்று தொலைந்துவிட்டதா, அன்றி எங்கேனும் ஓர் அலுவலகத்தில் உறங்குகின்றதா, அல்லது தொடக்கத்திலிருந்தே எழுதப்படவில்லையா? இம்மூன்றும் வெவ்வேறு நிலைகள். எது உண்மை என்று தெரியாமல் அலைகின்றவர்களே மிகுதி. அதனைத் தெளிவதற்கு ஆனேக்கல் எல்லையின் வரலாற்றைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும்.

திருமணத்திற்குச் சான்று வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. மக்களிடையே பொய்ம்மையும் தவறும் தலைகாட்டிய பின்னரே சான்றோர் மணச் சடங்குகளை வகுத்தனர் என்பது தொல்காப்பியர் கருத்து. சடங்கு என்பது அக்காலத்துப் பதிவு. கூடியிருந்த சுற்றமே பதிவேடு. கல்லில் எழுதும் வழக்கம் பெருகிய காலத்தும் தனி மனிதர் மணம் கல்லில் ஏறவில்லை. பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுக்களைத் திரட்டி பி. லூயி ரைஸ் 1905-இல் வெளியிட்ட தொகுதியில் ஆனேக்கல் வட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களும் உள்ளன. அவ்வகைக் கல்வெட்டுக்கள் பேசுவன பெரும்பாலும் நிலக் கொடையும் கோயில் விளக்குமே. எனினும், திருமணத்தைப் பற்றியே பேசும் கல்வெட்டு ஒன்று வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்துக் கோயிலில் உண்டு. இரண்டாம் தேவராயர் காலத்தது, கி.பி. 1425-ஐ ஒட்டியது. படைவீட்டு இராச்சியத்து வேதியர் அனைவரும், அவர்களுள் கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் இலாளரும் அடங்குவர், ஒன்றுகூடிச் செய்த உடன்படிக்கை அது. இனிப் பெண்ணைப் பொன் வாங்காது கன்னிகாதானமாகவே கொடுப்பது. பொன் வாங்கிப் பெண் கொடுப்போரும் பொன் கொடுத்துப் பெண் கொள்வோரும் அரச தண்டனைக்கும் சமூக விலக்கிற்கும் உரியர் என்பது அதன் சாரம். கன்னடரும் தமிழரும் ஒரே கல்லில் ஒரே திருமண விதிக்குக் கைச்சாத்திட்ட செய்தி, ஆனேக்கலில் வாழும் நமக்குத் தனி இன்பம் தருவதாகும். ஆயினும் அங்கும் விதிதான் எழுதப்பட்டது. எவர் எவரை மணந்தார் என்பது எழுதப்படவில்லை.

இனி எல்லைக்கு வருவோம். சுகட்டூர்ப் பாளையக்காரர் வழியினர் ஆண்ட ஆனேக்கல் பின்னர் ஹைதர் அலியின் கைக்கு மாறிற்று. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்தில் நின்றது. ஒசூரோ கும்பெனியார் ஆட்சிக்குட்பட்டுச் சேலம் ஜில்லாவிற் சேர்ந்தது. அன்றுமுதல் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இருவேறு அரசுகளின் கீழ் வந்தன. மூன்றாவது ஒன்றும் உண்டு. தமிழர் நிறைந்த பெங்களூர்க் கண்டோன்மெண்ட், 1881-இல் மைசூர் மன்னருக்கு ஆட்சி திரும்பக் கிடைத்த பின்னரும் பிரிட்டிஷாரின் நிருவாகத்திலேயே இருந்தது. 1947 ஜூலை மாதத்தில்தான் மைசூருக்கு மீண்டது. ஆகவே, அல்சூரில் ஒரு பிள்ளை, ஆனேக்கலில் ஒரு பிள்ளை, ஒசூரில் சம்பந்தி என்றிருந்த குடும்பம் மூன்று நிருவாகங்களில் கால் வைத்திருந்தது. தாத்தாவின் திருமணத்தைத் தேடுகின்றவர் முதலில் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி, ‘எந்த ஆண்டு?’ என்பதன்று, ‘முகூர்த்தம் எந்த ஊரில்?’ என்பதே.

இரு பக்கத்துச் சட்டங்களும் எவ்வளவு வேறுபட்டிருந்தன என்பதற்கு ஒரு சான்று. குழந்தை மணத்தைத் தடுக்க மைசூர் அரசு 1894-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. எட்டு வயது நிரம்பாத பெண்ணின் மணமும், ஐம்பது கடந்த ஆடவன் பதினான்கு நிரம்பாப் பெண்ணை மணப்பதும் அதனால் குற்றமாயின. அப்பொழுது திவானாக இருந்தவர் தமிழரான கு. சேஷாத்திரி ஐயர். எட்டு வயது என்பது இன்று நமக்கு நகைப்பும் வேதனையும் ஒருங்கே தருவது. ஆனால் அன்று ஒசூர்ப் பக்கத்தில் மண வயதை வரையறுக்கும் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. சாரதா சட்டம் என வழங்கும் சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோதுதான் பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் வரையறை ஆயின. இத்தனை செய்தும், இந்துக்களின் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்னும் விதி எல்லையின் இருபுறமும் ஏற்படவில்லை. வயதைக் கட்டுப்படுத்தினர்; வயதைக் காட்டும் ஏட்டை ஏற்படுத்தவில்லை. இது நம் முன்னோரின் குற்றமன்று. ஆகையால் 1930-இலோ 1940-இலோ ஆனேக்கலில் நடந்த ஓர் இந்துத் திருமணத்திற்கு அரசு ஏடு தேடி அலைவோர், இல்லாத பொருளைத் தேடுகின்றனர் என்பதே பெரும்பாலும் உண்மை.

கிறித்தவக் குடும்பங்களின் நிலை வேறு. இவ்வகையில் அவர்கள் நற்பேறுடையோர். கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கத்தின் ஆணையால் பங்குக் குருமார் திருமண ஏடு வைத்தல் வேண்டும் என விதித்தது. 1908 முதல் மற்றொரு வழக்கமும் உறுதிப்பட்டது. ஒருவர் மணம் புரிந்தவுடன், அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவிக்கப்பட்டு, அங்குள்ள ஞானஸ்நான ஏட்டில் அவர் பெயருக்கு நேரே ஓரக் குறிப்பாக எழுதப்படும். இதன் அருமையைத் தேடுகின்றவர்களே அறிவர். திருமணம் நடந்த கோயில் எதுவென்று தெரியாவிட்டாலும், பாட்டி பிறந்த ஊர் தெரிந்தால் போதும். அங்குள்ள ஞானஸ்நான ஏட்டின் ஓரம் திருமணக் கோயிலைக் காட்டிவிடும். மறைமாவட்ட எல்லைகள் மாறியதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். பெங்களூர் மறைமாவட்டம் 1940-இல் மைசூரினின்று பிரிந்தது. தர்மபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்தினின்று பிரிந்தது.

சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் ஏனைய கிறித்தவர்க்கும் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் அடிப்படை. திருமணச் சான்று வழங்க அரசிடம் உரிமம் பெற்றவர் என்னும் ஒரு வகுப்பினரை ஏற்படுத்தியது இச்சட்டமே. காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையிலேயே மணம் நடத்தல் வேண்டும் என்றுகூட ஒரு பிரிவு பொதுவிதியாய்ச் சொல்கின்றது! நள்ளிரவு முகூர்த்தத்திற்கு விழித்திருந்து பழகிய நம்மவர்க்கு இது வியப்பாய்த் தோன்றும். சுதேச சமஸ்தானங்களைப் பொறுத்தவரை இச்சட்டம் பிரிட்டிஷ் குடிகளான கிறித்தவர்க்கே உரியதாய் இருந்தது என்பதும் கருதத்தக்கது. பிரிட்டிஷார் காலத்துக் கண்டோன்மெண்ட் குருமாரின் ஏடுகளினின்று சென்னைக்கும், சென்னையினின்று இலண்டனுக்கும் படிகள் சென்றன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகள் என்னும் வரிசையில் உள்ளன.

ஏடு இல்லாத் திருமணம் எவ்வளவு பெரிய இடரை விளைவிக்கும் என்பதைத் தமிழினம் தென்னாப்பிரிக்காவிற் கண்டது. 1913 மார்ச்சு 14 அன்று கேப் மாகாண உயர்நீதிமன்றத்து நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறையில் நடவாத, பலதார மணத்தை ஏற்கும் சமயத்தாரின் திருமணங்கள் அந்நாட்டுச் சட்டத்தின்முன் செல்லா எனக் கொள்ளும் நிலையை உண்டாக்கிற்று. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயினர். அவர்தம் மக்களின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது. தலைவரி ஒன்றே காரணமாய் இருந்திருப்பின் பெண்கள் அத்துணைத் திரளாகச் சிறை புகுந்திருப்பார்களோ என்பது ஐயமே. தம் மணவாழ்வின் மானத்தைக் காக்கவே தமிழ் மகளிர் காந்தியடிகளின் அறப்போரில் முன் நின்றனர். சிறையில் நோயுற்று வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்பொழுது வயது பதினாறு. அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம், ஒரு மனைவியோடு கூடிய இந்தியத் திருமணங்களை ஏற்றுப் பதிவு செய்ய வழி வகுத்தது. திருமணப் பதிவு வெறும் அலுவலகச் சடங்கு என்று சொல்வோரைக் காணும்போதெல்லாம் எனக்கு வள்ளியம்மையின் நினைவே எழுகின்றது.

தாய்நாட்டிலும் இத்தகைய இடர் ஒன்று நேர்ந்தது. புரோகிதரும் ஓமமும் இன்றிப் பெரியார் வழியில் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள், மாலை மாற்றி உறுதிமொழி கூறி நிறைவுற்றன. அத்தகைய மணம் ஒன்று சட்டப்படி செல்லாது என 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சரான பின் 1967-இல் இயற்றப்பட்டு 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்து, முன் நடந்த மணங்களையும் இனி நடப்பவற்றையும் ஒருங்கே செல்லுபடியாக்கிற்று. இங்கேதான் ஆனேக்கல் வாழ் தமிழர் விழிப்பாய் இருத்தல் வேண்டும். அப்பிரிவு தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய திருத்தம். கருநாடகத்தில் அதற்கு ஈடான பிரிவு இல்லை. ஒசூர் மண்டபத்தில் மாலை மாற்றிய இணையருக்கு உள்ள பாதுகாப்பு, அதே முறையில் அத்திப்பள்ளி மண்டபத்தில் மாலை மாற்றியவர்க்கு அப்படியே உண்டெனக் கருதுதல் தவறு. அவ்வாறு மணந்தோர் சிறப்புத் திருமணச் சட்டத்தின் துணையை நாடுதல் நலம். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1955 மே 18 அன்று நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டமே, இந்துக்களின் மணத்திற்கு அரசு ஏடு என ஒன்றை நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்தது. அதன் 8-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் பதிவு விதிகளை இயற்றிக் கொள்ளலாம் என்கின்றது. அந்த ஏட்டை எவரும் தக்க நேரத்தில் பார்வையிடலாம். கட்டணம் செலுத்திச் சான்றிட்ட படி பெறலாம். அது நீதிமன்றத்தில் சான்றாகும். இவை யாவும் அப்பிரிவு தரும் உரிமைகள். கட்டாயமாக்கப்பட்ட இடத்தில் பதியத் தவறினால் தண்டம் இருபத்தைந்து ரூபாய்வரை! ஆனால் பதியாமையால் மணம் செல்லாது போகாது என்பதையும் அதே பிரிவு உறுதி செய்கின்றது. இப்பெருந்தன்மையே பலரைச் சோம்பேறிகளாக்கிற்று என்பது என் கருத்து.

மைசூர் மாநிலத்தில் அதற்குரிய விதிகள் 1966-இல் வந்தன. எல்லாச் சமயத்தார்க்கும் பதிவை வேண்டும் தனிச் சட்டம் ஒன்றைக் கருநாடகம் 1976-ஆம் ஆண்டின் பெயரால் இயற்றியது. அஃது 1984-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டமாகவே ஏடேறிற்று. 2006 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம், எச்சமயத்தவராயினும் குடிமக்கள் அனைவரின் திருமணமும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும் என மாநிலங்களுக்குப் பணித்தது. பதிவைக் கட்டாயமாக்கும் சட்டம் உடைய ஒருசில மாநிலங்களுள் கருநாடகத்தையும் அத்தீர்ப்பு சுட்டியது. தமிழ்நாட்டின் சட்டம் 2009-இல் வந்து, அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடைமுறையாயிற்று. மணம் முடிந்து 90 நாளுக்குள் பதிதல் வேண்டும்; தவறின் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். முதலில் மணம் நடந்த இடத்துச் சார்பதிவாளரிடமே பதிய வேண்டியிருந்தது. 2020-இல் வந்த திருத்தத்தால் மணமக்கள் குடியிருக்கும் இடத்திலும் பதியலாம் என்றாயிற்று.

ஆகவே, நம் குடும்பங்களின் வழக்கப்படி பெண் வீட்டார் ஊரான ஒசூரிலோ கிருஷ்ணகிரியிலோ முகூர்த்தமும், ஆனேக்கலில் வரவேற்பும் நடந்திருந்தால், பதிவைத் தேட வேண்டிய முதல் இடம் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகம். அங்கு இல்லையெனில் இப்பக்கம் தேட வேண்டும். கருநாடகத்தில் மணம் நடந்த இடத்துச் சார்பதிவாளரிடம் மட்டுமன்றி மணமக்கள் வாழும் இடத்துச் சார்பதிவாளரிடமும் இந்துத் திருமணத்தைப் பதியும் வழக்கம் உண்டு. ஆகவே ஆனேக்கல், அத்திப்பள்ளி, சர்ஜாபுரம் எனக் குடியிருந்த இடங்களையும் நினைவுகூர்தல் வேண்டும். மாவட்டப் பெயர் மாற்றங்கள் பலரைக் குழப்புகின்றன. ஒசூர் 1965 அக்டோபர்வரை சேலம் மாவட்டம், பின்னர்த் தர்மபுரி, 2004 பிப்ரவரி முதல் கிருஷ்ணகிரி. ஆனேக்கல் 1986-வரை ஒன்றாயிருந்த பெங்களூர் மாவட்டம். பின்னர்ப் பெங்களூர் நகர மாவட்டம். பழைய சான்றில் ‘சேலம் ஜில்லா’ என்றிருப்பதைக் கண்டு சேலம் நகருக்குப் பேருந்து ஏறிவிட வேண்டா.

பெயரை எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ‘ழ’கரத்திற்கு இன்றைய கன்னடத்தில் எழுத்து இல்லை, பழங்கன்னடத்தில் இருந்தது, வழக்கொழிந்தது. எனவே எழிலரசி என்னும் நங்கை கன்னட ஏட்டில் எளிலரசியாகவோ எலிலரசியாகவோ இருப்பார்; பாவம், அவர் பிழையன்று. தந்தை பெயரின் தலைப்பெழுத்து தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் வேறொன்றாகவும் இருக்கும். மணத்திற்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தைச் சூடிக்கொண்ட பெண்ணை அவ்வெழுத்தில் தேடினால் கிட்டமாட்டார். தந்தையின் எழுத்தில் தேடுதல் வேண்டும். விண்ணப்பத்தில் இவ்வடிவங்கள் அனைத்தையும் எழுதிக் கொடுத்தல் நன்று.

நாள் குறிப்பு இதனினும் நுட்பமானது. பழைய அழைப்பிதழ்களில் ‘ஜய வருடம் பங்குனி மாதம்’ என்று மட்டும் இருக்கும். ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. மன்மத ஆண்டு 1955-லும் வந்தது, 2015-லும் வந்தது. அதுமட்டுமன்று. கன்னடரும் நாமும் அதே அறுபது பெயர்களையே வழங்குகின்றோம். ஆனால் அவர்தம் ஆண்டு யுகாதியன்று பிறக்கும், நம் ஆண்டு சித்திரை முதல் நாள் பிறக்கும். யுகாதிக்கும் ஏப்ரல் 14-க்கும் இடைப்பட்ட சில நாட்களில் ஒரே நாளுக்கு இருவரும் வேறுவேறு ஆண்டுப் பெயர் சொல்வர். 1955 ஏப்ரல் தொடக்கத்தில் நடந்த ஒரு திருமணம் தமிழ் அழைப்பிதழில் ஜய ஆண்டு. கன்னடப் பஞ்சாங்கத்தில் மன்மத ஆண்டு. சம்பந்தி வீட்டார் இருவரும் உண்மையே சொல்வர். ஓராண்டு வேறுபாடு மட்டும் நிற்கும்! ஆகவே பங்குனி முகூர்த்தமாயின் இரு ஆண்டின் ஏட்டையும் புரட்டச் சொல்லிக் கேட்பதே முறை.

மேனாடுகளில் மணத்திற்கு முன் ‘லைசென்ஸ்’ பெறும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 1754 முதல், கோயிலில் முன்னறிவிப்புச் செய்தோ உரிமம் பெற்றோ அன்றி மணம் புரிதல் இயலாதாயிற்று. நம் நாட்டில் அதற்கு மிக நெருங்கி வருவது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். சாதி மத வேறுபாடின்றி எவரும் இதன்வழி மணக்கலாம். மணமக்களுள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருத்தல் வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்தால் அலுவலர் அதை அறிவிப்பு ஏட்டில் எழுதி, அலுவலகத்தில் அனைவரும் காண ஒட்டுவார். மற்றவர் வேறு மாவட்டத்தில் நிலையாக வாழ்பவராயின் அறிவிப்பின் படி அங்குள்ள அலுவலருக்கும் சென்று ஒட்டப்படும். அதாவது பெண் ஒசூரினராயின் அம்மாவட்டத்திலும் தாள் தொங்கும். தடை எழுப்ப 30 நாள். அறிவிப்பு நாளினின்று மூன்று மாதத்திற்குள் மூவர் சாட்சியாக மணம். வேறு முறையில் முன்னரே மணந்தவரும் இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி தம் மணத்தைப் பதிந்து கொள்ளலாம். மாலை மாற்றி மணந்த இணையர்க்கு முன்னர் யான் குறித்த வழி இதுவே.

இதில் நம்மவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாமன் மகளும் அத்தை மகளும் நமக்கு உரிமைப் பெண்கள். இச்சட்டத்தின் அட்டவணையிலோ அவர்கள் மணக்கலாகா உறவினர். அக்காள் மகளும் அவ்வாறே. இந்துத் திருமணச் சட்டம் வழக்கத்திற்கு இடம் தருகின்றது. சிறப்புச் சட்டத்தில் வழக்கம் செல்ல வேண்டுமாயின் அரசின் அறிவிப்பு வேண்டும். முறைப்பெண்ணை மணந்தோர் அவசரப்பட்டு இவ்வாயிலில் நுழையாமல், வழக்கப்படி மணம் முடித்து இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவதே தக்கது. கருநாடகத்தில் 2024 பிப்ரவரி முதல் காவேரி 2.0 என்னும் இணையவழியிலும் இந்துத் திருமணப் பதிவிற்கு விண்ணப்பிக்க வசதி ஏற்பட்டுள்ளது. ஆயினும் சான்றிதழ் மட்டுமே மணம் ஆகாது. சடங்கு எதுவும் இன்றிப் பெற்ற தாள் இந்து மணத்தை உண்டாக்காது என 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. அயல்நாட்டு விசாவிற்காக முதலில் தாளும் பிறகு தாலியும் என்று ஏற்பாடு செய்யும் பெற்றோர் இதனைக் கருதுவாராக.

இனி, எங்கும் ஏடு இல்லாத அம்மையாரின் நிலை யாது? சட்டம் அவரைக் கைவிடவில்லை. நீண்டநாள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர் மணந்தவரே எனக் கொள்ளும் அனுமானம் நம் சான்றுச் சட்டத்தில் ஊறியது. இலங்கையிலிருந்து வந்த வழக்கொன்றில் 1927-இல் பிரிவி கவுன்சில் இதனை வலியுறுத்திற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கூடி வாழ்ந்த ஓர் இணையரின் மணத்தை, அரை நூற்றாண்டு கழித்துப் புரோகிதரையும் சாட்சிகளையும் கொண்டுவா என்பது தகாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இவ்வனுமானத்தை மறுப்பவரே மாற்றுச் சான்று காட்ட வேண்டும். அதற்குத் துணையாக நிற்பவை வீட்டில் கிடக்கும் சிறு காகிதங்கள்: பிள்ளைகளின் பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், இன்னார் மனைவி இன்னார் என்று எழுதப்பட்ட பழைய நிலப் பத்திரம். நிலப் பத்திரத்தின் படியைப் பதிவு அலுவலகத்தில் எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். மகளுக்குத் தந்தை நிலம் எழுதி வைத்த சீதனப் பத்திரம் இருந்தால் அதனினும் நன்று. மாப்பிள்ளையின் பெயரும் ஊரும் அதில் இருக்கும்.

கணவனும் மனைவியும் நலமாய் உள்ள வீடுகளில் இத்தனை தேடலுக்கும் இடமில்லை. முப்பது ஆண்டுக்கு முன் மணந்தவரும் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் இன்று பதிந்து கொள்ளலாம். அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு மூன்று சாட்சிகளை அழைத்துச் செல்லுதல் வேண்டும். அம்மூவர் உயிரோடு இருக்கும்போதே செல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றேன்.

கடைசியாக, மொய்க் கணக்கு நோட்டை எவரும் பழைய தாளோடு சேர்த்துப் போட்டுவிட வேண்டா. எந்தச் சர்க்காரும் கேளாமல், எந்தச் சட்டமும் கட்டளையிடாமல், தமிழர் தம் திருமணத்திற்குத் தாமே எழுதிய ஏடு அது. முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள், மணமக்கள் பெயர், நாள், மண்டபம். அதன்கீழ் வரிசையாக ஊர்ப் பெயர்கள். தளி இரண்டு ரூபாய், பாகலூர் ஐந்து ரூபாய், சூளகிரி ஒரு ரூபாய் எனப் பந்தலில் அமர்ந்து ஒருவர் எழுதிய அந்தப் பட்டியலில், எல்லையின் இருபுறத்துச் சாட்சிகளும் பெயரோடு இருக்கின்றார்கள்.